சைக்கிளில் வந்த ஐரோப்பா

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்கு மரியாதை. வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகிற ஊரை ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்திராத நான், அப்படிப்பட்ட ஊரில் இரண்டு வருடம் டாக்சி ஓட்டினேன் என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். சொன்னதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. சாயாக்கடை மேசையில் இரண்டு தீப்பெட்டிகளை வைத்து, "இது நான், இது எதிர்ல வர்ற வண்டி" என்று நகர்த்திக் காட்டி நாலு பேருக்கு வகுப்பும் எடுத்தேன்.

நடந்தது இதுதான். எழுபதுகளில் எங்கள் தெருவில் மீசை முளைத்தவனெல்லாம் வளைகுடாவுக்குக் கிளம்பினான். நானும் கிளம்பினேன். பாஸ்போர்ட் எடுத்து, துபாயில் டிரைவர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்டிடம் கொடுத்து, பம்பாய்க்கு ரயிலேறினேன். "அடுத்த வாரம்" என்றார் ஏஜென்ட். எட்டு மாதம் அடுத்த வாரமாகவே ஓடியது. பிறகு ஒரு நாள் பாஸ்போர்ட்டை லாட்ஜ்காரரிடம் கொடுத்துவிட்டு ஆள் காணாமல் போனார். திருப்பிக் கொடுத்தாரே என்று நன்றிகூடத் தோன்றியது எனக்கு. அப்படியொரு மடையன்.

ஊருக்குத் திரும்ப வெட்கம். என் அப்பா முனிசிபாலிட்டியில் சாக்கடை வேலை பார்த்தவர். மகன் துபாய் போகிறான் என்று தோப்பும்படி வரைக்கும் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தவர். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பம்பாயில் ஒரு ஷெட்டில் டாக்சி கழுவும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். நிஜமாகவே துபாய்க்கு விமானம் ஏறுகிறவர்களிடம் கடிதங்களைக் கொடுத்து, அங்கே போய்த் தபாலில் போடச் சொல்லுவேன். அப்பாவுக்கு வெளிநாட்டு ஸ்டாம்போடு கடிதம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, பம்பாய் நடைபாதையில் வாங்கிய கூலிங் கிளாசும் அத்தர் பாட்டிலும் பெரிய டார்ச் லைட்டுமாக ஊர் வந்து இறங்கினேன். சினிமாக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அந்தப் பொய் எனக்கு வேலை கொடுத்தது. கொச்சங்காடியில் மிளகு, சுக்கு ஏற்றுமதி செய்யும் குஜராத்தி சேட்டு ஒருவர், "துபாயில ஓட்டினவனா? அப்போ வா" என்று தன் அம்பாசடரை என் கையில் கொடுத்தார். கோடவுனுக்குப் பின்னால், கார் ஷெட்டை ஒட்டி, குடியிருக்க ஒரு அறையும் கொடுத்தார். அந்தப் பொய் எனக்குப் பெண்ணும் கொடுத்தது. இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், எங்களைப்போலவே மூன்று தலைமுறைக்கு முன்னால் கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். அவளுடைய அண்ணன்மார், மாப்பிள்ளை துபாய் டிரைவர் என்றதும் ஜாதகத்தைக்கூடப் பாதிதான் பார்த்தார்கள்.

நாலு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. பிறகு பெல்ஜியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

சேட்டின் அண்ணன் ஆன்ட்வெர்ப் என்ற ஊரில் வைர வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 'குடும்பத்தோடு வா. என்னிடம் பெரிய வேன் ஒன்று சும்மா நிற்கிறது. எனக்கு முதுகுவலி, ஓட்ட முடியாது. அதை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்' என்று எழுதியிருந்தார். சேட்டுக்கு அது சுற்றிப்பார்க்கிற விஷயம் மட்டும் இல்லை. ஹாம்பர்க்கில் ஒருவர், ட்ரியஸ்டில் ஒருவர், மார்சேயில் ஒருவர் என்று இருபது வருடமாக அவரிடம் மிளகு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். கடிதத்திலும் தந்தியிலும் மட்டுமே பழக்கம். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. "சாகறதுக்கு முன்னாடி அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கணும்" என்பார்.

அன்று காலை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டேன். அவர் பேசுவது மலையாளம், அதில் குஜராத்தி மணக்கும். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, பிரான்ஸ். மறுபடி பெல்ஜியம்" என்று விரல் மடக்கினார். "நானு, அவ, மூணு பிள்ளைங்க. அங்க டிரைவர் வச்சா நம்ம பாஷை தெரியாது, நம்ம சாப்பாடு தெரியாது. வலது பக்கம் ஓட்டின ஆள் நம்ம வீட்லயே இருக்கும்போது எதுக்கு?"

"அது யாரு, முதலாளி?" என்று கேட்டேன். சத்தியமாக ஒரு வினாடி எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவன் ஒரு தமாஷ்காரன்" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஐரோப்பா தொடங்கும். வீட்டு முன்கட்டில் இருந்த ஆபீசில், மிளகு சாம்பிள் கொட்டிப் பார்க்கும் நீள மேசையில் மேப்பை விரிப்பார். நாலு மூலையிலும் சுக்குத் துண்டை வைப்பார். சிவப்புப் பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம். நான் எதிரே நிற்பேன். என் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங் துடைக்கிற துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

"டிரைவரே, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?"

"அது ரோட்டப் பொறுத்து முதலாளி."

"ரோடு நல்ல ரோடு. அண்ணன் எழுதியிருக்கான்."

"அப்போ மனசப் பொறுத்து."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதுவதுதான் எனக்குப் பயம். நான் காற்றில் விட்ட சொல்லெல்லாம் அவருடைய நோட்டில் போய்ச் சாட்சியாக உட்கார்ந்தது.

"அங்க சர்க்கிள் வந்தா எந்தப் பக்கமாச் சுத்தணும்?"

 இங்கே இடது பக்கமாகப் போய்க் கடிகார முள் மாதிரிச் சுற்றுவோம். அங்கே மாறித்தான் இருக்கவேண்டும். ஆனால் நிச்சயம் தெரியுமா? தெரியாது. தவறாகச் சொன்னால், அதை அவர் அண்ணனுக்கு எழுதிக் கேட்டுவிட்டால்?

"முன்னாடி போற வண்டி பின்னாலயே போயிடணும் முதலாளி."

"முன்னாடி வண்டி இல்லேன்னா?"

"வர்ற வரைக்கும் நிக்கணும்."

மறுபடி சிரிப்பு. மறுபடி நோட்டு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வட்டத்தின் நடுவில், ஐந்து பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கமிருந்தும் ஹாரன் அடிக்க நான் நிற்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

இன்னொரு நாள் அண்ணனிடமிருந்து அடுத்த கடிதம். சுவிட்சர்லாந்து, இத்தாலிப் பக்கம் மலையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்களாம். ஒரு குகை பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளமாம். சேட்டு உற்சாகமாகப் படித்தார். நான் மனதுக்குள் அளந்தேன். மட்டாஞ்சேரியில் மண்ணுக்குள் நுழைந்தால் தோப்பும்படி, இடக்கொச்சி எல்லாம் தாண்டி அரூரில்தான் வெளிச்சம். அவ்வளவு தூரமும் எதிரே வருகிற லாரி என் இடது தோளை உரசிக்கொண்டு வரும். வழக்கமாக வலது தோள் பக்கம் வருவது. தண்ணீர் குடிக்க என்று வெளியே போய்விட்டேன்.

ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். வாகாக ஒரு நேரம் பார்த்து, சேட்டு நல்ல மனநிலையில் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, "முதலாளி, எனக்கு வலது பக்கம் ஓட்டத் தெரியாது" என்றேன். ஆனால் பயத்தில் என் முகம் இளித்துவிட்டது. பயந்தால் எனக்குப் பல் தெரியும், பிறவிக் குறை. சேட்டுக்குப் புரையேறி சாயா மூக்கில் வந்துவிட்டது. "இத ஹாம்பர்க் பார்ட்டிகிட்ட சொல்லணும்" என்றார். நாலு வருடம் கோமாளித்தனம் பண்ணியதற்குக் கூலி அன்றைக்குக் கிடைத்தது. நான் எதைச் சொன்னாலும் அது தமாஷ்.

பிறகு ஊர்களை வரிசைப்படுத்தி எழுதிக் கொண்டுவரச் சொன்னார். "நீ டிரைவர், உன் கணக்குக்கு எப்படிப் போனா சௌகரியம்னு பாரு" என்றார். எனக்கு எந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நேராகக் கோடவுனுக்குப் போனேன். அங்கே சாக்குகளில் தகர அச்சை வைத்து நீல மையால் ஊர்ப்பெயர் அடிக்கிற ஒரு மலையாளி இருந்தார். மார்க்கு சேட்டன் என்று கூப்பிடுவோம், மலையாளத்தில் சேட்டன் என்றால் அண்ணன். ஐம்பது வயது. முழங்கை வரைக்கும் நீலம். எறணாகுளத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை, ஆனால் உலகத் துறைமுகமெல்லாம் நாக்கில் இருந்தது.

"சேட்டா, ஐரோப்பா ஊரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க."

"ஓ, இதென்ன பெரிய காரியம்" என்று மூச்சு விடாமல் சொன்னார். "ஹாம்பர்க், ராட்டர்டாம், மார்சே, ஜெனோவா, ட்ரியஸ்ட்."

"இந்த வரிசைதானா?"

"எடா, முப்பது வருஷமா இந்த வரிசைதான். சந்தேகம்னா நீயே போயி மார்க்கு அடி."

அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேட்டு சிவப்புப் பென்சிலால் மேப்பில் கோடு போட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்வெர்ப்புக்குப் பக்கத்து வீடு ராட்டர்டாம். அத விட்டுட்டு ஹாம்பர்க் வரைக்கும் போயிட்டு, மறுபடி ராட்டர்டாமுக்கு வர்றியா?"

நான் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவர் மறுபடி வரிசையைப் படித்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். முடிந்தது, கண்டுபிடித்துவிட்டார், இன்றைக்கே அறையைக் காலி பண்ணவேண்டும், மனைவி ஏன் என்று கேட்பாள் என்பதுவரைக்கும் மனதுக்குள் ஓடிவிட்டேன்.

"எடா! இது கப்பல்ல அடுக்குற வரிசை!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். நாலு சுக்குத் துண்டும் எகிறின. கப்பலில் கடைசியாக இறக்கவேண்டிய ஊர்ச் சாக்கைத்தான் முதலில் ஏற்றி அடியில் போடுவார்கள். எங்கள் கோடவுனில் எல்லாருக்கும் ஐரோப்பா என்றால் அந்த அடுக்குத்தான். "என் பொண்டாட்டி பிள்ளைங்கள மிளகுச் சாக்குன்னு நெனச்சியா? தமாஷுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

தமாஷாம். தப்பித்தேன். தப்பித்தது என்பதைவிட இன்னும் ஆழமாக மாட்டிக்கொண்டேன் என்று சொல்லவேண்டும்.

இதற்கிடையில் பாஸ்போர்ட். "விசாவுக்கு அனுப்பணும், உன் பாஸ்போர்ட்டக் கொண்டு வா" என்று வாரம் ஒரு முறை கேட்டார். அது என் தகரப் பெட்டியின் அடியில், வேட்டிக்குள் சுற்றிக் கிடந்தது. அதில் என் போட்டோ உண்டு, முகவரி உண்டு. மற்றபடி எல்லாப் பக்கமும் வெள்ளை வெளேர். துபாயில் இரண்டு வருடம் இருந்தவனுக்கு ஒரு முத்திரைகூட இல்லை. பெட்டி மனைவியின் ஊரில் இருக்கிறது என்றேன். பெட்டி வந்தது, சாவி காணோம் என்றேன். மார்க்கு சேட்டனின் நீல மையைப் பார்த்து ஒரு நாள் கெட்ட யோசனைகூட வந்தது. தகர அச்சில் பாஸ்போர்ட் முத்திரை வெட்டினால் அது சாக்கு அளவுக்கு இருக்கும் என்று தோன்றியதும் விட்டுவிட்டேன்.

இவ்வளவும் என் வேலைக்கும் என் மானத்துக்கும் வந்த பயம். உண்மையான பயம் வேறு ஒரு நாள் வந்தது.

சேட்டம்மா, அதாவது சேட்டின் மனைவி, அதிகம் பேசமாட்டார். பயணத்துக்கு என்று கோதுமையில் மெல்லிசாக அப்பளம்போல ஒரு பலகாரம் சுட்டுச் சுட்டுத் தகர டப்பாக்களில் அடுக்கிக்கொண்டிருந்தார். டப்பாக்களை மேலே தூக்கி வைக்க என்னைக் கூப்பிட்டார். நான் வைத்துக்கொண்டிருக்கும்போது, சட்டென்று கேட்டார்:

"அங்கே வண்டியெல்லாம் ரொம்ப வேகமாப் போகுமாமே?"

"ஆமாம்மா. போகும்."

"என் தம்பி ராஜ்கோட் ரோட்டுல ஜீப்பு கவுந்து போனான். பதினெட்டு வயசு." அவர் டப்பா மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே மூடியிருந்தது. "அதுக்கப்புறம் நான் ராத்திரிகூட அழறதில்ல, ஆனா வண்டியில ஏறினா ரெண்டு கையும் விரிச்சு பிள்ளைங்க முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன். நீ பாத்திருப்பே."

பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்துப் பின்னால் கேலியும் செய்திருக்கிறேன், கோழி குஞ்சை மூடுகிற மாதிரி என்று.

"அவர் அஞ்சாறு வருஷம் முன்னாடியே போலாம்னார். நான் மாட்டேன்னுட்டேன். நீ அங்க ஓட்டினவன்னு சொன்னதுக்கப்புறந்தான் சரின்னேன்" என்றார். "உன்ன நம்பித்தான்."

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அதுவரைக்கும் எனக்கு என்ன ஆகும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

அப்போதாவது போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? கற்றுக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மடையனுக்கு முயற்சி வேறு.

வெல்லிங்டன் தீவில் துறைமுக கோடவுன்களுக்குப் பின்னால் ஒரு நேர் சாலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே ஈ காக்கை இருக்காது. எஞ்சின் சத்தம் சரியில்லை, ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று சேட்டிடம் சொல்லிக் காரை எடுத்தேன். வண்டியில் ஆள் பாரம் வேண்டுமே என்று மனைவியைக் கூட்டிக்கொண்டேன். அவள் வெளியே கூட்டிப் போகிறேன் என்று நினைத்து, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எதிரே வர ஒரு வண்டி வேண்டும். அதற்கு மார்க்கு சேட்டனைச் சைக்கிளோடு வரச் சொன்னேன். "துபாய் விட்டு நாலஞ்சு வருஷமாச்சு சேட்டா, கை மறந்துபோச்சு. நீங்க உங்க வலது பக்கமாவே வாங்க. நான் என் வலது பக்கமாவே வர்றேன். நீங்கதான் ஐரோப்பா."

"ஐரோப்பா முழுக்கவுமா?"

"முழுக்கவும்."

அவருக்கு அது பெருமையாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெல்லை நாலு தரம் அடித்துப் பார்த்தார்.

முதல் தடவை மெதுவாகப் போனேன். சாலையின் வலது ஓரத்தில், என் கதவுக்குக் கீழேயே சாக்கடை. நான் உட்கார்ந்திருப்பதும் வலது பக்கம் என்பதால் சாலையின் நடு எனக்குத் தெரியவே இல்லை, மனைவியின் பச்சைச் சேலைதான் தெரிந்தது. எதிரே பெல் அடித்துக்கொண்டு ஐரோப்பா வந்தது. அவள் பக்கமாகக் கடந்து போனது. "ஜெர்மனி!" என்று கத்திவிட்டுப் போனார். இரண்டாவது தடவை "இத்தாலி!" என்றார். மூன்றாவதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, கியரை மாற்றினேன். நாற்பதுக்கு மேல் போயிருக்கும்.

"எதுக்குங்க இப்பிடித் தப்புப் பக்கத்துல போறீங்க?" என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வலது ஓரத்துப் புதரிலிருந்து ஓர் ஆடு சாலையில் குதித்தது.

நான் யோசிக்கவே இல்லை. கைதான் யோசித்தது. இத்தனை வருடமும் இடது பக்கமே ஓட்டிய கை, பயம் வந்ததும் ஸ்டியரிங்கை ஒரே இழுப்பாக இடது பக்கம் இழுத்தது. பயந்தால் இடது ஓரத்துக்கு ஒதுங்கு. அதுதான் அதற்குத் தெரியும். இடது பக்கத்தில் மார்க்கு சேட்டன் வந்துகொண்டிருந்தார். அவர் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். பிரான்ஸ் என்று சொல்லப்போகிற வாய்.

ஒரு இரும்புச் சத்தம். வண்டி நின்றது. மனைவியின் இரண்டு கையும் டாஷ்போர்டில் விரிந்து ஊன்றியிருந்தன. பம்பருக்குக் கீழே சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் தெரிந்தது. அது சுற்றிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

என் வாழ்க்கையில் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கதவைத் திறக்க முடியவில்லை. கைப்பிடி எந்தப் பக்கம் என்று மறந்துபோனது. முகம் இளித்துக்கொண்டிருந்ததை உணர்ந்தேன், அதை நிறுத்தவும் முடியவில்லை.

"எடா மகாபாவி!"

சாலையின் அந்தப் பக்கத்துச் சாக்கடையிலிருந்து நீலக் கை ஒன்று மேலே வந்தது. பிறகு தலை. சைக்கிளை விட்டுவிட்டுக் கடைசி நொடியில் பாய்ந்திருக்கிறார். முட்டி கிழிந்து ரத்தம், உடம்பெல்லாம் சேறு.

"நான் ஐரோப்பா அல்லடா, மனுஷன்டா! மனுஷன்!"

சொல்லிவிட்டுச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது ஆள் குலுங்கிக் குலுங்கி அழுதார். என் மனைவி இறங்கிப்போய், தன் பச்சைச் சேலையின் தலைப்பை நனைத்து அவர் முட்டியைத் துடைத்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிராமல் கேட்டாள்:

"துபாய்ல நீங்க என்ன ஓட்டினீங்க?"

"டாக்சி."

"எங்கிட்ட சொல்லுங்க."

"கழுவினேன்" என்றேன். "பம்பாயில."

அவள் முட்டியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. மார்க்கு சேட்டன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆடு அந்தப் பக்கம் நின்று இலை தின்றுகொண்டிருந்தது.

"எங்கிட்ட சொன்ன பொய்ய அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். "அது எங்கயும் போகாது. மொதல்ல உங்க பின்னால உக்காரப்போற சேட்டு பிள்ளைங்க."

"சொன்னா வேலை போயிரும். வீடும் போயிரும்."

"இந்தக் கை அங்கயும் இப்பிடித்தான் திரும்பும்" என்று என் கையைப் பார்த்துச் சொன்னாள். "அப்போ எதிர்ல சைக்கிளா வரும்?"

மறுநாள் காலை பத்து மணி. மேப் விரிந்திருந்தது. என் கையில் துணி இல்லை, பாஸ்போர்ட் இருந்தது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் பழகிக்கொண்டு வந்தேன்: இளிக்கக்கூடாது. இளித்தால் தமாஷாகிவிடும். பல்லை இறுகக் கடித்துக்கொண்டு நின்றதில் தாடை வலித்தது.

"ஆ, கிடைச்சுதா சாவி?" என்று சேட்டு சந்தோஷமாக வாங்கினார். முதல் பக்கம் பார்த்தார். அடுத்தது. அடுத்தது. கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் திருப்பினார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து திருப்பினார்.

"துபாய் முத்திரை எங்கே?"

"இல்ல முதலாளி."

"வேற பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்ல. நான் துபாய் போகல. பம்பாய் வரைக்குந்தான் போனேன். வலது பக்கம் நான் ஓட்டினதே இல்ல. நேத்து ஓட்டிப் பாத்தேன். மார்க்கு சேட்டன் மேல வண்டிய ஏத்தியிருப்பேன்."

சேட்டின் முகத்தில் சிரிப்பு ஆரம்பித்தது. பாதி வந்து, என் முகத்தைப் பார்த்து, அங்கேயே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விட்டது. சிரிப்பு ஒரு முகத்திலிருந்து அப்படி வடிவதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சிரிக்க வைப்பதே தொழிலாக இருந்தவனுக்கு அது பெரிய தண்டனை.

உள் வாசலில் சேட்டம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கையில் ஒரு டப்பா.

"அவருக்கு அடி பலமா?" என்று கேட்டார்.

"முட்டியிலம்மா. நடக்கிறார்."

"பிள்ளைங்க இருந்திருந்தா?"

 அவர் பதிலுக்குக் காத்திராமல் டப்பாவைப் பக்கத்தில் இருந்த ட்ரங்குப் பெட்டி மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையும் மடியில் விரிந்திருந்தன.

சேட்டு மேப்பை மடித்தார். மடிப்பு எதுவும் சரியாக வரவில்லை. ஜெர்மனி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அப்படியே மேசை டிராயரில் திணித்தார். நோட்டுப் புத்தகத்தையும் அதன் மேல் வைத்தார். நான் என் இடுப்பிலிருந்து கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை ஒரு விரலால் தள்ளி டிராயருக்குள் விழ வைத்து, மூடிப் பூட்டினார். பாஸ்போர்ட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.

வெளியே யாரோ சாக்குக்குப் பெயர் அடிக்கிற சத்தம் டப் டப் என்று கேட்டது. மார்க்கு சேட்டன் முட்டியில் கட்டோடு வேலைக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது. நான் போவதா, நிற்பதா என்று தெரியவில்லை. வேலை உண்டா, இல்லையா? அறை உண்டா, இல்லையா? நேராகக் கேட்கத் தைரியமில்லை. நாலு வருடமாகத் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்கிற கேள்வி ஒன்று வாயில் தயாராக இருந்தது. அதுதான் வெளியே வந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வண்டியக் கொண்டு வரணுமா முதலாளி?"

அவர் கணக்குப் பிள்ளைக்கு ஏதோ சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நடந்து வா."